மரியோ இப்போது ஏன் வேகமாக ஓடுகிறார்?

தக்கலைக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். வளைகுடாவில் வேலை, இப்போது விடுமுறையில் ஊருக்கு வந்திருக்கிறார். சிறுவயதில் விளையாடிய மரியோவையும் கான்ட்ராவையும் மறுபடி விளையாடும் ஆசையில், டிவியில் செருகினால் ஆயிரக்கணக்கான பழைய விளையாட்டுகள் வரும் ஒரு சிறு கருவியை வாங்கினார். மரியோ சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. முன்பு கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய குழிகளில் எல்லாம் விழுகிறார். சரி என்று பரணில் கிடந்த பழைய டிவி கேம் பெட்டியை இறக்கிப் புது எல்.இ.டி. டிவியில் மாட்டினால், வாத்து சுடும் விளையாட்டில் வாத்து பறக்கிறது, அதற்கான விளையாட்டுத் துப்பாக்கி சுடவில்லை. இரண்டு நாளில் அந்தப் பெட்டியும் நின்றுவிட்டது. பத்து வயது மகள் பத்து நிமிடம் பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டாள். "எந்தக் கருவி வாங்கலாம், அல்லது இந்த ஆசையையே விட்டுவிடலாமா" என்று முடித்திருக்கிறார். கருவியைப் பற்றிய கேள்வி போலத்தான் இருக்கிறது. ஆனால் அவர் தெரிந்துகொள்ள விரும்புவது, அந்த விளையாட்டுகள் உண்மையிலேயே நன்றாக இருந்தனவா, இல்லை அந்த வயதில் எதைக் கொடுத்திருந்தாலும் பிடித்திருக்குமா என்பதுதான் என்று எனக்குப் படுகிறது.

நாகர்கோவிலில் வடசேரிப் பக்கம் டிவி, ஸ்டெபிலைசர், ஆம்பிளிஃபயர் என்று பழுது பார்த்துப் பிழைப்பவன் நான். ஒரு காலத்தில் முழுப்பரீட்சை முடிந்த மறுவாரமே டிவி கேம் பெட்டிகள் மேசையில் குவியும். பழுது நீக்கிய பெட்டியைச் சோதித்துப் பார்க்கிற சாக்கில் நானும் நிறைய விளையாடியிருக்கிறேன். இன்றும் கடை சாத்திய பிறகு அரை மணி நேரம் விளையாடாமல் வீட்டுக்குப் போவதில்லை. ஆகையால் கம்பியும் சிப்பும் பற்றி நான் சொல்வதை நம்பலாம். எந்த விளையாட்டு நல்லது என்று சொல்வது என் ருசி, அவ்வளவுதான். உங்கள் பெட்டியை நான் திறந்து பார்க்கவில்லை என்பதால், ஊகமாகச் சொல்லும் இடத்தில் ஊகம் என்றே சொல்லிவிடுகிறேன்.

முதலில் மரியோவின் வேகம். வயதாகிவிட்டதோ என்று நீங்கள் வருந்த வேண்டியதில்லை, தம்பி. அவர் இப்போது உண்மையிலேயே வேகமாக ஓடுகிறார். நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பெட்டி 1983இல் ஜப்பானில் வந்தது; அதன் அமெரிக்க வடிவம் 1985இல் வந்தது. நம் ஊரில் புழங்கிய பெட்டிகளில் பெரும்பாலானவை அதன் நகல்கள். திறந்தால் போர்டின் நடுவில் கறுப்புப் பசை கொட்டி மூடிய ஒரு வட்டம் இருக்கும். ஃபேமிகாமில் தனித்தனியாக இருந்த சிப்புகளின் வேலை முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கும். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி ஒரு விநாடிக்கு 60 முறை படம் வரையும். 'பால்' என்ற நம் நாட்டு ஒளிபரப்பு முறையில் ஓடும் டிவிக்கு அது 50. 1985இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் கடிகாரத்தைப் பார்த்து ஓடுவதில்லை. படத்தை எண்ணி ஓடுகிறது. ஒரு படம் வரைந்தால் மரியோ ஓரடி நகர்வார், ஆமை ஓரடி நகரும், பாட்டும் ஒரு படி நகரும். விநாடிக்கு 50 படம்தான் என்றால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும்.

திரையின் மேல் மூலையில் 400 என்று தொடங்கி இறங்கும் நேரக் கணக்கு நினைவிருக்கும். அதில் ஓர் எண் குறைய 24 படங்கள் ஆகும். 60 படம் ஓடும் பெட்டியில் 400 எண்ணும் தீர ஏறக்குறைய 2 நிமிடம் 40 விநாடி. 50 படம் ஓடும் பெட்டியில் 3 நிமிடம் 12 விநாடி. உங்கள் விரல்கள் அந்த 3 நிமிடம் 12 விநாடி உலகத்தில் பழகியவை. இப்போது வாங்கிய கருவி அநேகமாக 60இல் ஓடுகிறது. விரல் பழைய கணக்கில் தாவுகிறது, குழி புதிய கணக்கில் வந்து நிற்கிறது.

உங்கள் சிறுவயதுப் பெட்டி 50இல் ஓடியதுதானா? இது என் ஊகம். ஆனால் சரிபார்க்க வழி இருக்கிறது. பரணிலிருந்து இறக்கிய பெட்டியின் அடியில் இருக்கும் நான்கைந்து திருகைக் கழற்றுங்கள். போர்டில் வெள்ளி நிறத்தில் சிறு தகரக் குப்பி ஒன்று படுத்தபடியோ நின்றபடியோ இருக்கும், அதுதான் கிரிஸ்டல். அதன் முதுகில் 26.601 என்று தொடங்கும் எண் அச்சிட்டிருந்தால் அது 'பால்' பெட்டி, 50 படம். 21.477 என்றிருந்தால் 60 படம், அப்போது என் வாதம் உங்கள் வரையில் நிற்காது. 50 படப் பெட்டி என்றால் இன்னொரு வேடிக்கையும் உண்டு. இந்த நகல் பெட்டிகளில் சிப் ஓடும் வேகம் ஜப்பானியப் பெட்டியின் வேகத்தை ஒட்டியே, அங்கே 1.79 மெகாஹெர்ட்ஸ், இங்கே 1.77 என்று இருக்கும். ஆகவே பாட்டின் சுருதி கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், தாளம் மட்டும் நிதானமாகப் போகும். புதுக் கருவியில் பாட்டு ஏதோ அவசரத்தில் இருப்பதுபோல் உங்களுக்குக் கேட்டிருந்தால் காரணம் அதுதான்.

இதைச் சரிசெய்யப் பணம் செலவாகாது. பழைய பெட்டியைப் போலவே நடித்து அதன் விளையாட்டுகளை ஓட்டும் மென்பொருளுக்கு எமுலேட்டர் என்று பெயர். கம்ப்யூட்டரில் மெசன், எஃப்.சி.இ.யு.எக்ஸ். போன்ற எமுலேட்டர்களில் எந்த நாட்டுப் பெட்டி என்று தேர்ந்தெடுக்கும் இடத்தில் 'டெண்டி' என்று ஒன்று இருக்கும். தொண்ணூறுகளில் ரஷ்யாவில் சக்கைப்போடு போட்ட நகல் பெட்டியின் பெயர் அது. 50 படம், 1.77 மெகாஹெர்ட்ஸ் என்ற அதே கணக்கு. அதைத் தேர்ந்தெடுத்து மரியோவை ஒரு முறை ஓடவிட்டுப் பாருங்கள். முதல் காளானுக்கு முன்பே தெரிந்துவிடும்.

இரண்டாவது கோளாறு தாமதம். பழைய பிக்சர் டியூப் டிவி வருகிற சிக்னலை வந்த மாத்திரத்தில் கோடு கோடாகத் திரையில் இழுத்துவிடும். யோசிக்க அதற்கு மூளை கிடையாது. புது டிவி படத்தைப் பிடித்து வைத்துப் பெரிதாக்கி, கூர்மையாக்கி, நிறம் திருத்தி, அதன் பிறகே காட்டும். சினிமா பார்ப்பவருக்கு இதனால் நட்டமில்லை. விளையாடுபவருக்கு, பட்டனை அழுத்தியதற்கும் மரியோ தாவுவதற்கும் நடுவே மூன்று நான்கு படங்கள், மோசமான டிவியில் அதற்கும் மேலே, நழுவிப் போகும். வயரில்லாத ஜாய்ஸ்டிக் அதன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். மலிவான கருவிக்குள் ஓடும் எமுலேட்டரும் சேர்க்கும். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிதில்லை, சேர்ந்தால் குழியில் விழ வைக்கும். டிவியின் அமைப்புகளில் 'கேம் மோட்' இருக்கும், அதைப் போடுங்கள். யு.எஸ்.பி. வயர் உள்ள ஜாய்ஸ்டிக் வாங்குங்கள். ரெட்ரோஆர்க் என்ற எமுலேட்டர் மென்பொருளைப் பயன்படுத்தினால் அதில் 'ரன் அஹெட்' என்றொரு வசதி உண்டு. விளையாட்டை உள்ளுக்குள் ஓரிரு படம் முன்கூட்டியே ஓட்டிப் பார்த்து, விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் தாமதத்தைக் கூடக் கழித்துவிடும். இந்த மூன்றையும் செய்த பிறகும் குழியில் விழுந்தால்தான் நம் கையைக் குறை சொல்ல வேண்டும்.

துப்பாக்கியைப் பற்றிச் சந்தேகமே வேண்டாம், புது டிவியில் அது சுடாது. 1984இன் டக் ஹன்ட் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, அது பார்க்கிறது. குழலின் உள்ளே ஒரு லென்ஸும் ஒளியை உணரும் டயோடும் இருக்கும். விசையை அழுத்தியதும் விளையாட்டு ஒரு கணம் திரை முழுவதையும் கறுப்பாக்கும், அடுத்த படத்தில் வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்றைக் காட்டும். அந்தக் கணத்தில் துப்பாக்கிக்குள் வெளிச்சம் விழுந்தால் வாத்து விழும். இரண்டு வாத்து என்றால் கட்டம் ஒன்றன்பின் ஒன்றாக வரும், எந்தப் படத்தில் வெளிச்சம் பட்டது என்பதை வைத்து எந்த வாத்து என்று முடிவாகும். புது டிவியில் அந்த வெள்ளைக் கட்டம் சில படங்கள் கழித்து வந்து சேரும்போது விளையாட்டு 'தவறவிட்டாய்' என்று தீர்ப்பெழுதிவிட்டிருக்கும். அதோடு, டியூப் திரையின் வெளிச்சத் துடிப்புக்கென்று அமைத்த அந்த உணர்கருவிக்கு எல்.இ.டி. திரையின் வெளிச்சம் பிடிபடுவதுமில்லை. துப்பாக்கியைக் கழற்றிப் பழுது பார்க்கிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

புது டிவியில் பழைய பெட்டியின் படம் மங்கலாகத் தெரிந்தால், அதற்கும் காரணம் டிவிதான். பழைய பெட்டி அனுப்புவது எளிய படம், பல தட்டை டிவிகள் அதை வேறு வகைச் சிக்னல் என்று எடுத்துக்கொண்டு இரண்டிரண்டு படங்களைக் கலந்துவிடும். பழைய பெட்டியின் சிப்பால் ஒரு கிடைக்கோட்டில் எட்டு உருவங்களுக்கு மேல் வரைய முடியாது. கூட்டம் கூடினால் விளையாட்டு அவற்றை முறைவைத்து மின்ன விடும். பழைய டிவியில் அது மினுக்கமாகத் தெரியும். புது டிவி செய்யும் கலப்பில் சில நேரம் குண்டே கண்ணுக்குத் தெரியாமல் வந்து அடிக்கும்.

இனி நின்றுபோன பெட்டி. முதலில் சந்தேகப்பட வேண்டியது அடாப்டர். பழைய அடாப்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு வீட்டில் கிடக்கும் வேறொன்றைச் செருகும் முன், பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருக்கும் படத்தைப் பாருங்கள். பின்னின் நடுப்பகுதி சில பெட்டிகளில் பிளஸ், சிலவற்றில் மைனஸ். மாற்றிக் கொடுத்தால் போயிற்று. உள்ளே பெரும்பாலும் 7805 என்ற மூன்று கால் ஐ.சி. இருக்கும், வருகிற 9 வோல்ட்டை 5 ஆக்கித் தருவது அதன் வேலை. மல்டிமீட்டரில் அதன் கடைசிக் காலில் 5 வோல்ட் வராவிட்டால் அதை மாற்றினாலே பல பெட்டிகள் எழுந்துவிடும். விலையும் ஒரு டீ, வடை செலவுதான். 5 வோல்ட் சரியாக வந்தும் திரை சாம்பலாகவே நின்றால் கேசட்டைப் பாருங்கள்.

கேசட்டில்தான் நம் மாவட்டத்துக்கு என்று ஒரு தனித் தொல்லை இருக்கிறது. குளச்சல், முட்டம் பக்கத்திலிருந்து வரும் கேசட்டைக் கையில் எடுத்தாலே எனக்கு ஊர் தெரிந்துவிடும். விளிம்பில் வரிசையாக இருக்கும் செப்புப் பட்டைகளில் பச்சை படர்ந்திருக்கும், சில இடத்தில் பட்டையே அரித்துக் காகிதம்போல் எழும்பி நிற்கும். உப்புக் காற்று ஒரு பக்கம்; ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை என்று பெட்டிக்கு உலர நேரமே கிடைக்காதது இன்னொரு பக்கம். இதில் நாம் எல்லாரும் கேசட்டை வாயால் ஊதி ஊதிப் போட்டவர்கள். ஊதியதால் வேலை செய்யவில்லை. கழற்றி மறுபடி செருகியதால் தொடுமுனை புதிதாகப் பதிந்து வேலை செய்தது. ஊதிய எச்சில் ஈரம் பச்சையை வளர்த்ததுதான் மிச்சம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, பட்டை நீளும் திசையிலேயே இழுத்துத் துடையுங்கள். பிடிவாதமான கறைக்குப் பள்ளிக்கூட வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்க்கலாம், உப்புத்தாள் கூடாது. ஜாய்ஸ்டிக்கில் ஒரு பட்டன் மட்டும் பிடிக்கவில்லை என்றால் அதைத் திறந்து, ரப்பருக்கு அடியில் கறுப்பாக இருக்கும் கார்பன் பொட்டையும் அது தொடும் இடத்தையும் அதே ஆல்கஹாலால் துடைத்தால் போதும். எல்லாம் முடிந்ததும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு மூடியுள்ள டப்பாவில் வையுங்கள். கறுப்புப் பசைக்குள் இருப்பது போய்விட்டிருந்தால் மட்டும் எந்த மெக்கானிக்காலும் ஒன்றும் செய்ய முடியாது.

பழைய டியூப் டிவி ஒன்று வாங்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். உறவினர் வீட்டில் ஓடும் நிலையில் ஒன்று சும்மா கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள், துப்பாக்கியும் சுடும், தாமதமும் இராது. விலை கொடுத்துத் தேடி அலைய வேண்டாம். பிக்சர் டியூப்புக்குள் 20,000 வோல்ட்டுக்கு மேல் போகும், வயரைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். அதை மட்டும் யூடியூப் பார்த்து வீட்டில் திறக்காதீர்கள். இடி மின்னல் நேரத்தில் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள் என்று நம் ஊர்க்காரருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

இத்தனையும் சரிசெய்தால் மரியோ பழையபடி ஓடுவார். பழையபடி பிடிக்குமா என்றால், பாதிதான் உறுதி சொல்வேன். அன்று தெருவில் ஒரு வீட்டில் பெட்டி இருக்கும், ஏழெட்டுப் பேர் முறைவைத்து உட்கார்ந்திருப்போம். ஒருவன் செத்தால் அடுத்தவன் கைக்குப் போகும். ஆகவே விளையாடிய நேரத்தைவிட, அடுத்தவன் விளையாடுவதைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்த நேரம்தான் அதிகம். கைவசம் இருந்ததோ இரண்டு மூன்று கேசட். '9999' என்று அட்டையில் போட்டிருந்தாலும் உள்ளே இருந்தது கொஞ்சம் விளையாட்டுகள்தான், அவையே பெயர் மாறித் திரும்பத் திரும்ப வரும் என்பது எல்லாருக்கும் தெரிந்த மோசடி. வேறு வழியில்லாததால் அந்தச் சிலவற்றையே தோண்டித் தோண்டி விளையாடினோம். ஆயிரக்கணக்கில் விளையாட்டு இருக்கும் கருவியில் நீங்கள் என்ன செய்தீர்கள்? ஒவ்வொன்றையும் இரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குத் தாவியிருப்பீர்கள். எனக்குத் தெரிந்த எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள். அந்தப் பட்டியலை மூடிவிட்டு, இந்த விடுமுறைக்கு மூன்றே விளையாட்டு என்று முடிவு செய்யுங்கள். அதில் ஒன்றாவது சிறுவயதில் நீங்கள் பார்த்தே இராத விளையாட்டாக இருக்கட்டும். பழைய நினைவு ஒட்டாத ஒரு பழைய விளையாட்டு பிடித்துப்போனால், உங்கள் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

மகளோடு விளையாட நான் சொல்வது பேட்டில் சிட்டி, நாம் டாங்க் கேம் என்று சொன்னது. 1985இல் நாம்கோ வெளியிட்டது. செங்கல் சுவருக்குள் இருக்கும் கழுகைக் காக்க வேண்டும். இருவரும் ஒரே அணி. ஆனால் அப்பாவின் குண்டு மகளின் டாங்கில் பட்டால் அது கொஞ்ச நேரம் செயலற்று நிற்கும், அங்கேதான் சண்டையும் சிரிப்பும் தொடங்கும். 35 களங்கள், அது போதாதென்று நாமே களம் கட்டிக்கொள்ளும் வசதியும் உண்டு. குழந்தைகள் விளையாடுவதைவிட அந்தக் களம் கட்டும் இடத்தில்தான் அதிக நேரம் உட்காருகிறார்கள். 1984இன் எக்சைட்பைக்கிலும் பாதை கட்டலாம். கான்ட்ராவை உடனே கொடுக்காதீர்கள். அதன் அருவிக் களத்தில் முன்னால் ஏறுகிறவர் வேகமாக ஏறினால் பின்னால் வருகிறவர் திரைக்குக் கீழே போய்ச் செத்துவிடுவார். அண்ணன் தம்பிகளையே பிரித்த இடம் அது. மேல் மேல் கீழ் கீழ் என்று தொடங்கி 30 உயிர் தரும் அந்தச் சங்கேதத்தை முதலில் கிரேடியஸ் விளையாட்டில் வைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. அந்த விளையாட்டு அவருக்கே கடினமாக இருந்ததாம்.

மரியோவில் எட்டு உலகங்களில் 32 களங்கள், சேமிக்கும் வசதி கிடையாது, மூன்று உயிர். நம்மில் பலர் நான்காம் உலகத்தைத் தாண்டாததற்குக் காரணம் திறமைக் குறைவு மட்டுமல்ல. ஒரு தகவல் நம் தெருவுக்கு வந்து சேரவில்லை. ஆட்டம் முடிந்து முகப்புத் திரை வந்ததும் ஏ பட்டனை அழுத்திக்கொண்டே ஸ்டார்ட் அழுத்தினால், செத்த உலகத்தின் முதல் களத்திலிருந்து தொடரலாம். பெட்டியை அணைக்கக் கூடாது, அவ்வளவே. இது விளையாட்டைச் செய்தவர்களே வைத்த வழி. எமுலேட்டரில் நினைத்த இடத்தில் சேமிப்பது, பின்னோக்கி ஓட்டுவது எல்லாம் இருக்கின்றன. வேலைக்குப் போகிறவர் களத்தின் தொடக்கத்தில் சேமித்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஒவ்வொரு தாவலுக்கும் பின்னோக்கி ஓட்டினால் அந்த விளையாட்டில் எதுவும் மிச்சமிருக்காது. மரியோ விளையாட்டு மொத்தமே 40 கிலோபைட், வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் படத்தை விடச் சிறியது. மேகத்துக்கு வரைந்த உருவத்தையே பச்சை பூசிப் புதராக வைத்திருக்கிறார்கள். அவ்வளவு சிறிய இடத்துக்குள் அவர்கள் கவனமாகச் செய்தது தாவலின் நேரத்தைத்தான். பட்டனை எவ்வளவு நேரம் பிடிக்கிறோமோ அவ்வளவு உயரம், எவ்வளவு வேகத்தில் ஓடி வருகிறோமோ அதற்கேற்பத் தாவல். அதைக் கை கற்றுக்கொள்வதுதான் விளையாட்டு.

எல்லாப் பழைய விளையாட்டும் நன்றாக முதிர்வதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். தட்டையான படத்தில் ஓடும் நல்ல விளையாட்டு இன்றும் நல்ல விளையாட்டுதான். தொண்ணூறுகளின் நடுவில் வந்த முதல் முப்பரிமாண விளையாட்டுகளில் பலவற்றை இன்று கையில் எடுத்தால், கேமரா எங்கோ சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும், அதோடு மல்லுக்கட்டியே அலுத்துவிடும். முதல் பிளேஸ்டேஷனில் தரையும் சுவரும் நடுங்குவது உங்கள் டிவியின் பழுதல்ல, அந்தப் பெட்டி கணக்குப் போடும் விதமே அப்படி. உயிர்கள் தீர்ந்தால் காசு போட வேண்டும் என்று வீடியோ கேம் கடைகளுக்காகச் செய்த விளையாட்டுகள் வேண்டுமென்றே கொல்லும். அவற்றில் தோற்றால் வருந்தாதீர்கள்.

கம்ப்யூட்டர் விளையாட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் உட்கார்ந்த தலைமுறை நீங்கள் என்பதால் சுருக்கமாக. பழைய சி.டி.யைப் போட்டு விண்டோஸ் 10இல் ஓடவில்லை என்றால் இரண்டு காரணங்களில் ஒன்றாக இருக்கலாம். நகல் தடுப்புக்காக அன்று பல சி.டி.களில் சேஃப்டிஸ்க் என்ற பூட்டு இருந்தது. அதற்குத் தேவையான டிரைவரைப் பாதுகாப்புக் காரணத்துக்காக விண்டோஸ் 10 அனுமதிப்பதில்லை. ஆகவே காசு கொடுத்து வாங்கிய அசல் சி.டி.தான் ஓடாது, அதுதான் கொடுமை. மற்றொன்று, 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல்கள் ஓடா. விளையாட்டு 32 பிட்டாக இருந்தும், அதை நிறுவும் நிரல் மட்டும் 16 பிட்டாக இருந்து காலை வாரும். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்து விளையாட்டுகளுக்கு டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர் போதும். 1989இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவை அதில் விளையாடிப் பாருங்கள். அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவும் தாவவும் விட்டுப் படம் பிடித்து, அதைப் படம் படமாகப் பார்த்து வரைந்த இளவரசன் அவன். எடுத்த அடியை முடிக்காமல் திரும்ப மாட்டான், அதனால் முதல் அரை மணி நேரம் எரிச்சல் வரும். ஷிஃப்டை அழுத்திக்கொண்டு நடந்தால் விளிம்பில் நிதானமாக அடியெடுத்து வைப்பான். அது தெரிந்தபின் விளையாட்டே வேறு. 1999இன் ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, 2019இல் புதுப் பதிப்பாக வந்து இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. 2022இல் வந்த சேர்க்கையில் திராவிடர்கள் தனி நாகரிகமாக வந்தார்கள், ராஜேந்திர சோழனின் படையெடுப்பை நாமே நடத்தலாம். அவர்களின் சிறப்புப் படைவீரன் கையில் இருப்பது சுருள்வாள். நம் மாவட்டத்து ஆசான்மாரிடம் அடிமுறை படித்தவர் யாராவது வீட்டில் இருந்தால் கூட்டி வந்து காட்டுங்கள், குறை கண்டுபிடித்துக்கொண்டே பார்ப்பார்.

சட்டம் பற்றி: நான் வக்கீல் அல்ல, படித்ததைச் சொல்கிறேன். நம் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, முறைப்படி பெற்ற கணினி நிரலின் பிரதியிலிருந்து வணிக நோக்கமின்றிச் சொந்த உபயோகத்துக்குப் பிரதி எடுத்துக்கொள்ள இடம் தருகிறது. யாரோ இணையத்தில் ஏற்றியதை இறக்கிக்கொள்வது அதில் அடங்காது. ஆயிரக்கணக்கான விளையாட்டுகளை அடைத்து விற்கும் கருவிகளும் அநேகமாக உரிமை பெற்றவை அல்ல. நாம் வளர்ந்ததே நகல் பெட்டியில்தான் என்பதால் நான் இதில் நீதி சொல்லக் கூச்சப்படுகிறேன். அதே நேரம், வாங்க நினைத்தாலும் வாங்க முடியாத நிலையும் உண்மை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான விளையாட்டுகளில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை. கிடைப்பவற்றை ஜி.ஓ.ஜி., ஸ்டீம் போன்ற இணையக் கடைகளில் தள்ளுபடி நாளில் வாங்குங்கள்.

ஸ்டீமிலேயே இன்னொன்றும் கிடைக்கும்: மைக்ரோ மேஜஸ். 2019இல் வெளியானது, ஆனால் அந்தப் பழைய நிண்டெண்டோ பெட்டியிலேயே ஓடும்படி, மரியோவைப் போல 40 கிலோபைட்டுக்குள் எழுதியது. நான்கு பேர் சேர்ந்து கோபுரம் ஏறலாம். உங்களுக்கும் மகளுக்கும் அதில் பழைய நினைவு எதுவும் கிடையாது, இருவரும் ஒரே நாளில் கற்கத் தொடங்குவீர்கள். நான் சொன்ன மூன்று விளையாட்டில் ஒன்று இதுவாக இருக்கலாம், மற்றவை டாங்கும் மரியோவும்.

ஆக, புதுக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் லேப்டாப் இருக்கும், அதை எச்.டி.எம்.ஐ. வயரில் டிவியோடு இணைத்து, கேம் மோட் போட்டு, வயர் உள்ள ஜாய்ஸ்டிக் இரண்டு வாங்கினால் செலவு முடிந்தது. இப்போது வாங்கிய கருவியைத் திருப்பிக் கொடுக்கத் தவணை இருந்தால் கொடுத்துவிடுங்கள். பரண் பெட்டியின் 7805ஐ நீங்களே சோதிக்கத் தயக்கமாக இருந்தால் தக்கலையிலேயே டிவி ரிப்பேர் கடைகள் இருக்கின்றன, நாகர்கோவில் வரை சுமந்து வர வேண்டியதில்லை. போகும்போது அடாப்டரையும் ஒரு கேசட்டையும் சேர்த்தே கொண்டு போங்கள். பெட்டியை மட்டும் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போகிறவர்களின் பெட்டிதான் எங்கள் அலமாரியில் மாதக்கணக்கில் கிடக்கும்.